ஓக் இலை உதிராத வருடம்

அக்டோபர் முடியும்போது ஹால்வர் ஊரின் மூன்றாம் தெருவில் ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் அடக்கம் நடக்கும். அந்தப் பக்கம் தோண்டி எடுப்பார்கள். இந்தப் பக்கம் ஆர்டிஸ் டோலஃப்சன் தன் ரோஜாச் செடிகளைக் கயிற்றால் கட்டி, சாய்த்து, மண்ணுக்குள் படுக்க வைப்பாள். அந்தப் பக்கம் டுவேன் கோவால்கி தன் டேலியாப் பூச்செடிகளின் கிழங்குகளைக் கிளறி எடுத்து, மண் உதறி, வீட்டுக்குள் கொண்டுபோவான். இருவருக்கும் ஒரே குளிர்தான். அதை எப்படி ஏமாற்றுவது என்பதில்தான் முப்பது வருடமாக ஒத்துப்போகவில்லை.

“செடின்னா மண்ணுல இருக்கணும் டாக்டர். நீ என்னமோ பல்லைப் பிடுங்குற மாதிரி பிடுங்கிட்டுப் போறே.”

“நீ மட்டும் என்ன, உயிரோட புதைக்கிறே. போலீஸுக்குச் சொல்லலாமான்னு பாக்குறேன்.”

டுவேன் அந்த ஊரின் பல் மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் பாதிப் பேரின் வாய்க்குள் அவன் விரல் போயிருக்கிறது, ஆர்டிஸின் வாய்க்குள்ளும். அவள் பேசாமல் இருந்தது அந்த ஒரு நேரம்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆர்டிஸ் பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ்ஸை ஓட்டுகிறவள். அந்த இருக்கை உயரமானது. அதில் உட்கார்ந்தால் வேலிகளுக்கு மேலே ஊர் தெரியும். எந்த வீட்டில் இலை வாரியாகிவிட்டது, எந்த வீட்டில் வாரச் சொல்லிப் பையனோடு சண்டை நடக்கிறது, ஊர் லாரிக்காகத் தெருவோரத்தில் வைத்த இலைப் பைக்குள் இருப்பது ஓக்கா மேப்பிளா பிர்ச்சா, எல்லாம் அவளுக்குத் தெரியும். மேலே இருக்கிற கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்ப்பாள், ஜன்னலில் பைகளைப் பார்ப்பாள். பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, தன் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு அதே வழியில் திரும்பி வந்து பைகளை ஏற்றிக்கொள்வாள். யாரும் தடுப்பதில்லை. தெருவோரத்துக்கு வந்துவிட்ட இலை யாருக்கும் சொந்தமில்லை. “என் இலையெல்லாம் ஆர்டிஸோட ரோஜா மேலதான் கிடக்கு” என்று சிலர் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு.

அவள் பால் கறக்கிற பண்ணையில் பிறந்து வளர்ந்தவள். ரோஜாவைச் சாய்க்கிறபோது அது தெரியும். ஒரு பக்கத்து வேரைச் சுற்றி மண்ணைத் தளர்த்திவிட்டு, கட்டின செடியைத் தோளால் ஒரு தள்ளு, கையால் ஒரு தாங்கல்; மருந்து போடுவதற்கு முன் கன்றுக்குட்டியைத் தரையில் படுக்கவைக்கிற அதே அசைவு. செடி முறுக்கிக்கொண்டால் நிறுத்தி, அதனிடம் ஏதோ முணுமுணுத்து, மறுபடி தள்ளுவாள். பள்ளத்தில் படுத்ததும் மேலே மண். கடுங்குளிர் வருவதற்கு முன் அதன் மேல் இலைப் பைகள், நெருக்கமாக, அடுக்கடுக்காக. ஏப்ரலில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் செடியை நிமிர்த்தினால் தண்டு பச்சையாக இருக்கும். அவளுடைய இரண்டு பெண்களும் கல்யாணமாகி அரிசோனாவுக்குப் போய்விட்டார்கள். அங்கே ரோஜாவைப் புதைக்க வேண்டியதில்லை என்று பெரியவள் ஒருமுறை போனில் சொன்னாள். “அப்ப அதுக்கு எப்படி மரியாதை தெரியும்?” என்று கேட்டுவிட்டு ஆர்டிஸ் போனை வைத்தாள்.

இலைகளில் அவளுக்கு ஓக் மட்டும்தான் இலை. ஓக் இலை காய்ந்தால் சுருண்டு மொரமொரவென்று நிற்கும். நடுவில் காற்று தங்கும். காற்று இருந்தால் கதகதப்பு இருக்கும். மேப்பிள் இலையோ ஈரம் பட்டதும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு அப்படியே தட்டையாகிவிடும். இதை அவள் தனக்குள் வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. செப்டம்பரில் தேவாலயத்து நிலவறையில் ரோஜா சங்கத்தின் விருந்து நடந்தபோது எழுந்து நின்று சொன்னாள்:

“மேப்பிள் இலையால மூடுறதும் நனைஞ்ச செய்தித்தாளால மூடுறதும் ஒண்ணுதான். என் ரோஜா மேல ஒரே ஒரு மேப்பிள் இலை கிடந்ததுன்னா, அன்னைக்கே நான் சங்கத்தை விட்டுப் போயிடுறேன்.”

டுவேன் வீட்டு முன்னால் இரண்டு பெரிய மேப்பிள் மரங்கள் இருப்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். டேலியாக்காரனானாலும் விருந்தென்றால் அவனும் வருவான். அவன் தட்டில் இருந்த பன்றி இறைச்சியை மிக நிதானமாகச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொண்டிருந்தான்.

அந்த வருடம் பார்த்து ஓக் மரங்கள் இலையை விடவில்லை.

அக்டோபர் முழுக்க வெயில். ஓக் மரங்கள் பழுப்பு இலைகளைப் பிடித்துக்கொண்டு, இரவல் வாங்கின கோட்டைத் திருப்பித் தர மனமில்லாதவர்கள் மாதிரி தெருவெல்லாம் நின்றன. ஆர்டிஸ் பஸ்ஸை மெதுவாக ஓட்டி அவற்றை முறைத்துக்கொண்டே போனாள். நவம்பர் முதல் வாரத்தில் வானொலியில் சொன்னார்கள்: வியாழக்கிழமை இரவு கனடாவிலிருந்து குளிர் இறங்குகிறது, ஃபாரன்ஹீட்டில் ஒற்றை இலக்கத்துக்குப் போகும், தண்ணீரெல்லாம் உறையும், ஆனால் பனி பெய்யாது. பனி பெய்தால் அதுவே ஒரு போர்வை. பனி இல்லாத குளிர்தான் வேரைத் தேடிப் போகிற குளிர். அவளுடைய ரோஜாக்களுக்கு மேலே மண் இருந்தது. மண்ணுக்கு மேலே பாதிப் படுக்கைக்குத்தான் பைகள் இருந்தன.

வியாழக்கிழமை காலை, பஸ்ஸை எடுக்கப் போவதற்கு முன், இன்னும் விடியாத நேரம். டுவேன் வீட்டு வாசலில் தெருவோரமாகப் பைகள் வரிசையாக நின்றிருந்தன. நன்றாக நிரப்பி, வாய் இறுக்கிக் கட்டிய பைகள். ஆர்டிஸ் அவற்றைத் தாண்டிப் போனாள். திரும்பி வந்தாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. இது ஒரு வருடத்துக்குத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, தெருவோரத்துக்கு வந்த இலை யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லிக்கொண்டாள். இரண்டாவது சொன்னபோது கை ஏற்கெனவே ஒரு பையைப் பிடித்திருந்தது.

எல்லாவற்றையும் பின்பக்கம் கொண்டுபோய் அடுக்கினாள். அதில் ஒரு பை மட்டும் கனத்தது. “ஈரம். மேப்பிள் புத்தி,” என்று அதை ஒரு உதை விட்டாள். கனமான பை அடியில் இருந்தால் காற்று தூக்காது. அதனால் அதை வடக்கு ஓரத்தில், எல்லாவற்றுக்கும் கீழே, காலால் மிதித்து நெரித்து வைத்தாள். மேலே மற்ற பைகள், அதற்கும் மேலே பெரிய தார்ப்பாய், நாலு மூலையிலும் செங்கல். தார்ப்பாய் போட்டபின் ஓக்கும் மேப்பிளும் ஒன்றுபோலத்தான் இருந்தன. கையைத் தட்டிக்கொண்டு பஸ் ஓட்டப் போனாள்.

சாயங்காலம் அவள் அடுப்பிலிருந்து இறைச்சியும் உருளைக்கிழங்கும் வெந்த பாத்திரத்தை வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. அவள் கணவன் லைல், மான் வேட்டைக்குப் போகிற ஆரஞ்சுக் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். லைல் ஊரில் வீட்டுச் சூடேற்றிகளைப் பழுது பார்க்கிறவன். அவசியமில்லாமல் வாயைத் திறப்பதில்லை. கதவைத் திறந்தாள். டுவேன் நின்றிருந்தான். தலைமுடியில் இலை, முழங்காலில் சேறு.

“ஆர்டிஸ், காலையில உன் பஸ்ஸிலேர்ந்து என் வாசல்ல யாராவது நின்னதைப் பாத்தியா?”

“ஏன், என்ன ஆச்சு?”

“ஜீன் வந்திருந்தான்.”

ஜீன் அவனுடைய மைத்துனன். டுவேனின் மனைவி இறந்துபோன பிறகும் உதவி செய்வதை நிறுத்தாதவன். ஜீன் உதவிக்கு வருகிறான் என்று தெரிந்தால் மற்றவர்கள் கதவைப் பூட்டிவிட்டு வெளியூர் போவார்கள்.

“நேத்து கராஜை ஒழுங்கு பண்றேன்னு சொன்னான். சரின்னு விட்டுட்டேன். இலைப் பை எல்லாத்தையும் தெருவுல வச்சுட்டுப் போயிட்டான். அதுல ஒண்ணு இலைப் பை இல்ல. பெட்டியெல்லாம் நிறைஞ்சுபோச்சுன்னு கிழங்கை ஒரு பையில போட்டு, சுத்தி காஞ்ச இலையை வச்சுக் கட்டியிருந்தேன். இன்னைக்குத்தான் கீழே நிலவறைக்குக் கொண்டுபோறதா இருந்தேன்.”

“எந்தக் கிழங்கு?”

“அதுதான்.”

அதுதான் என்றால் எது என்று அவளுக்குத் தெரியும். விதையிலிருந்து அவனே உண்டாக்கின டேலியா. ஏழு வருடமாக, பிடிக்காததையெல்லாம் பிடுங்கிப் போட்டுப் போட்டு மிஞ்சின ஒன்று. உள்ளே ஆரஞ்சும் விளிம்பில் பழைய செம்பின் நிறமுமாக ஒரு பூ. ஆகஸ்டில் சாயங்கால வெயில் அதில் விழும்போது, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்க்காத மாதிரி அவள் பார்த்திருக்கிறாள். அடுத்த வருடம் அதில் ஒரு துண்டை மாநிலத்துச் சோதனைத் தோட்டத்துக்கு அனுப்பப் போவதாகச் சொல்லியிருந்தான். இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. அந்தப் பூ உலகத்தில் அந்த ஒரு கிழங்குக் கொத்தில்தான் இருந்தது. அது இன்றிரவு வெளியே கிடந்தால் உறைந்துவிடும். உறைந்த கிழங்கு விடிந்ததும் கூழ்.

“மத்தியானம் ஊர் லாரி வந்து போயிருக்கும். இலைக் கிடங்குக்குப் போய் குவியல் மேல ஏறி ஏறி இறங்கினேன். அங்க இருக்கிற ஆள் ‘பல் செட்டைத் தொலைச்சிட்டீங்களா டாக்டர்’னு கேக்குறான்.”

வேறொரு நாளாக இருந்தால் ஆர்டிஸ் இதற்கு ஒரு வாரம் சிரித்திருப்பாள். இப்போது நனைந்த செய்தித்தாள், சங்கம், விருந்தில் தன்னைத் திரும்பிப் பார்த்த முகங்கள், எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன.

“நான்... ரோட்டைத்தானே பாத்து ஓட்டுறேன் டாக்டர். எனக்கெப்படித் தெரியும்?”

“அதுவும் சரிதான்,” என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கினான்.

கதவை மூடித் திரும்பினாள். லைலின் ஊசி பாதியில் நின்றிருந்தது.

“நீ ரோட்டைப் பாத்து ஓட்டி நான் பாத்ததே இல்ல.”

“சாப்பாட்டைப் பாரு.”

“பின்னாடி கிடக்கிறதெல்லாம் ஓக்தானே?”

“லைல்.”

“சும்மா கேட்டேன்.”

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். வெளியே அதற்குள் இருட்டிவிட்டிருந்தது. காற்று நின்று, குளிர் கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. மூக்கின் நுனி முதலில் தெரிந்துகொண்டது. அவளுடைய திட்டம் எளிமையானது. கனத்த பையை எடுக்க வேண்டும், டுவேன் வீட்டுப் பின்படியில் வைக்க வேண்டும், கதவைத் தட்டிவிட்டு ஓடிவந்துவிட வேண்டும். பழியை ஜீன் மேல் போடலாம். ஜீன் மேல் எதைப் போட்டாலும் ஊர் நம்பும். ஆனால் அந்தப் பை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அதை அங்கே வைத்த புத்திசாலியை அவள் வாய்விட்டே திட்டினாள்.

செங்கல்லை நகர்த்தி, தார்ப்பாயைச் சுருட்டி, பைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பின்னால் எறிந்தாள். பத்துப் பை எறிவதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் சமையலறை விளக்கு எரிந்தது. பிறகு கைவிளக்கு ஒன்று ஆடி ஆடி வந்தது.

“ஆர்டிஸ்? இந்தக் குளிர்ல எதுக்குப் பிரிக்கிறே?”

“எலி,” என்றாள் அவள்.

“எலியா?”

“பெரிய எலி.”

“ஐயோ, வேரைக் கடிச்சா போச்சே,” என்று வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். கைவிளக்கைப் புல்லில் வைத்துவிட்டுக் குனிந்து ஒரு பையைத் தூக்கினான். மத்தியானம் முழுக்க இலைக் குவியலில் ஏறி இறங்கின மனிதன். தன்னுடையது தொலைந்துபோன இரவில் வேலி தாண்டி வந்து இல்லாத எலியைத் தேடுகிறான். ஆர்டிஸுக்கு ஒரு நிமிடம் அவன் மேல் பயங்கரக் கோபம் வந்தது. கொஞ்சம் கெட்டவனாக இருந்தால் என்ன குறைந்துவிடும் இவனுக்கு?

“நீ போ டாக்டர், நான் பாத்துக்கிறேன்.”

“இடுப்பு ஒடிஞ்சா என்ன பண்ணுவே? நான் பல்லுக்குத்தான் டாக்டர்.” இன்னொரு பையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டவன் அப்படியே நின்றான். மூக்கை உறிஞ்சினான். “ஆர்டிஸ்.”

“என்ன?”

“உன் ரோஜாவுக்கெல்லாம் பல் தேய்ச்சு விட்டியா?”

“பேசாம தூக்கு.”

“இல்ல, புதினா வாசனை வருது.”

கைவிளக்கை எடுத்துப் பையின் வாயில் அடித்தான். சணல் கயிறில்லை, கம்பியில்லை. பல்லைச் சுத்தம் செய்ய இடுக்கில் விட்டு இழுக்கிற, புதினா மணக்கிற வெள்ளை மெழுகு நூல், மூன்று சுற்றுச் சுற்றி, தையல் போடுகிறவர்கள் போடுகிற முடிச்சு. ஓய்வு பெறும்போது கிளினிக்கில் மிஞ்சின நூலையெல்லாம் பெட்டி பெட்டியாக வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவன். தக்காளிச் செடியைக் கட்டுவதும் அதில்தான், தபால் பெட்டிக் கதவைக் கட்டியிருப்பதும் அதில்தான். அவசரத்தில், இருட்டில், அவள் அதைப் பார்க்கவே இல்லை.

“இது என் முடிச்சு,” என்றான்.

“ஆமா.”

“உள்ளே மேப்பிள்.”

“ஆமா.”

“நனைஞ்ச செய்தித்தாள்.”

“டாக்டர், நீ இப்ப சிரிக்கப் போறியா, கிழங்கைத் தேடப் போறியா? ரெண்டையும் ஒண்ணா செய்ய உனக்கு மூச்சு போதாது.”

அப்போதுதான் அவனுக்கு அது முழுதாக உறைத்தது. சிரிக்கத் தொடங்கியிருந்த முகம் வெறுமையாகி, பிறகு வேறு மாதிரி ஒளிர்ந்தது. “இங்கயா இருக்கு?” என்றான், சின்னக் குரலில்.

“அடியில. வடக்கு ஓரம். கனமா இருந்துச்சு. நான்... ஈரம்னு நெனச்சேன்.”

பைகள் புல்வெளியெங்கும் பறந்தன. பின்கதவு திறந்து லைல் வந்தான். சூடேற்றிகளுக்குள் பார்க்கிற பெரிய விளக்கைக் கையில் பிடித்திருந்தான். யாரிடமும் எதுவும் கேட்காமல், வெளிச்சம் விழவேண்டிய இடத்தில் விழுகிற மாதிரி நின்றுகொண்டான். எவ்வளவு நேரமாக ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதை ஆர்டிஸ் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள்.

கனத்த பையின் மேல்பக்கம் மெல்லிய உறைபனி பூத்திருந்தது. விரைத்துப்போன விரலுக்கு முடிச்சு பிடிபடவில்லை. ஆர்டிஸ் நூலைப் பல்லால் கடித்தாள்.

“கடிக்காதே! அந்தப் பல்லு நான் வச்சது!”

“அப்ப நல்லாத்தானே வச்சிருப்பே?”

“உத்தரவாதம் போன வருஷத்தோட முடிஞ்சுபோச்சு. குடு இங்கே.”

விரல்களைக் கொஞ்சம் வாயருகே வைத்து ஊதிவிட்டு, அவன் முடிச்சைத் தொட்டான். அது தானாக அவிழ்ந்த மாதிரி இருந்தது. மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இலைகளுக்குள் கையை விட்டான். ஆர்டிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்து நாற்காலியில் சாய்ந்திருந்த பழைய நாட்களில் அந்த முகத்தைக் கீழேயிருந்து பார்த்திருக்கிறாள்; இதே மூடின கண், இதே கொஞ்சம் சாய்ந்த தலை. விரல் ஒவ்வொரு கிழங்காகத் தொட்டு அழுத்திப் பார்த்துக்கொண்டு போனது.

“கெட்டியா இருக்கு,” என்றான். “இதுவும் கெட்டி. இதுவும்.” கை நின்றது. “ஒண்ணுக்குக் கழுத்து ஒடிஞ்சிருக்கு. பையைத் தூக்கிப் போட்டியா?”

“மிதிச்சேன்.”

“எதுக்கு?”

“நெரிக்கிறதுக்கு. முதல்ல ஒரு உதையும் விட்டேன்.”

லைலின் விளக்கு லேசாக ஆடியது. அவன் சிரிப்பது அப்படித்தான்.

டுவேன் கையை வெளியே எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். “இங்க வா. கையை விடு,” என்றான். அவள் தயங்கி விட்டாள். உள்ளே, உலர்ந்த மேப்பிள் இலைகளுக்கு நடுவில், அந்த நாள் முழுக்கத் தங்கியிருந்த கதகதப்பு இன்னும் மிச்சமிருந்தது.

“மழை படுறதுக்கு முன்னாடி வாரி, காத்துப் புகாம கட்டினா மேப்பிளும் இலைதான் ஆர்டிஸ்.”

அவள் கையை உடனே எடுக்கவில்லை. அதுவே பதிலாக இருந்தது. ஆனாலும் வாயாலும் சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது.

“சரி. உன் இலை நல்ல இலை. ஆனா ரோஜா சங்கத்துல யார்கிட்டயாவது மூச்சு விட்டே...”

“நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்,” என்றான் டுவேன். அதைச் சொன்னபோது அவன் முகம் ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பாடகர் குழுவில் நிற்கிற முகமாக இருந்தது. அவள் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கிழங்கு நிலவறைக்குப் போன பிறகு மூன்று பேரும் சேர்ந்து பைகளை மறுபடி அடுக்கினார்கள், ஓக் ஒன்று, மேப்பிள் ஒன்றாக. தட்டில் இருந்த சாப்பாடு ஆறிப்போயிருந்தது. டுவேனும் வந்து உட்கார்ந்து அதைச் சாப்பிட்டான். ஊறுகாய் போதாது என்று குறை வேறு சொன்னான்.

ஏப்ரலில் மண்ணை நீக்கினபோது ரோஜாத் தண்டுகள் எல்லாம் பச்சை. தோட்டத்தைப் பார்க்க வந்த சங்கத்துப் பெண்களில் ஒருத்தி, மூலையில் குவித்திருந்த பைகளைப் பார்த்து, “இது என்ன, நூல் போட்டுக் கட்டியிருக்கே?” என்று கேட்டாள். “காத்துப் போகாது,” என்றாள் ஆர்டிஸ் சுருக்கமாக. உள்ளே என்ன இலை என்று அவள் கேட்கவில்லை, ஆர்டிஸ் சொல்லவுமில்லை. அந்த இலையுதிர் காலத்தில் சங்கத்தில் பாதிப் பேர் மெழுகு நூலுக்கு மாறிவிட்டார்கள்.

ஆனால் அதற்கு முன்பு ஆகஸ்ட் வந்தது. மாவட்டக் கண்காட்சியும் வந்தது. அதற்கு முந்தின வாரம் டுவேன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, தன் டேலியாவுக்குப் பெயர் வைத்துவிட்டதாகச் சொன்னான். என்ன பெயர் என்று சொல்லவில்லை. “உன்னை நெனச்சுத்தான் வச்சேன். கண்காட்சியில பாரு,” என்றான்.

ஆர்டிஸ் அந்த வாரம் புது மேல்சட்டை ஒன்று வாங்கினாள். ஒரு பூவுக்குத் தன் பெயர் வைப்பதென்றால் சின்ன விஷயமா? யாராவது பாராட்டினால், ‘அவன் கேட்கவேயில்லை, நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்’ என்று எந்தத் தொனியில் சொல்வது என்று குளியலறைக் கண்ணாடி முன்னால் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள்.

பூக்கூடாரத்தில் நல்ல கூட்டம். ரோஜா சங்கத்துக்காரர்கள் எல்லோரும் ஒரு மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு, அவள் வருவதைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். வழிவிட்ட விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. சிலர் வாயைப் பொத்தியிருந்தார்கள். பச்சைக் கண்ணாடிக் குப்பியில் அந்தப் பூ நின்றது, முதல் பரிசின் நீல நாடாவோடு, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, உள்ளே ஆரஞ்சும் விளிம்பில் செம்புமாக. குப்பியின் கழுத்தில் வெள்ளை மெழுகு நூலால் ஒரு அட்டை கட்டியிருந்தது. அட்டையில் அழகான கையெழுத்தில்:

மேப்பிள் திருடி.

மேஜைக்கு அந்தப் பக்கம் டுவேன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். “யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலையே!”

ஆர்டிஸ் அட்டையைப் பார்த்தாள். புது மேல்சட்டையின் காலரைச் சரிசெய்தாள். பக்கத்தில் லைல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, பூவை வெகுநேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். மறுபடி பூவைப் பார்த்தான்.

“முகஜாடை இருக்கு,” என்றான்.